பிளாப்பிக்கு வைத்த பொட்டு

வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். பணி ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை என்று ஊர் நம்புவதால் கேட்கிறார்கள். நான் சொல்பவை எளியவை. ஸ்விட்சைத் தட்டிக் கணினியை அணைக்காதே. அணைப்பதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அந்த வழியாக அணை. மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் அரைமணி நேரம் ஓடவிடு. கல்கத்தா ஈரத்தில் தோல் செருப்பில் பூக்கிற பூஞ்சை அதற்குள்ளும் பூக்கும். பூப்போட்ட துணியால் மானிட்டரைப் போர்த்தி வைத்தால், வேலை செய்யும்போதாவது துணியை எடு. பின்பக்கத்து ஓட்டைகளை அழகுக்காக விடவில்லை. ஒரு பத்தி எழுதி முடித்தால் சேமி. எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு ஸ்விட்சைத் தட்டி அணைப்பார்கள்.

இன்னொரு யோசனையும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவில் போட்ட பிளாப்பி கரகரவென்று சத்தம் போட்டால், சரிபார்க்கிறேன் என்று அடுத்த பிளாப்பியை அதில் போடாதே. இப்போது பிளாப்பியே வழக்கொழிந்துவிட்டது; ஆகவே இதனால் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் என் மனைவியின் டாக்டர் பட்டம் ஒரு விஜயதசமிப் பகல் முழுவதும் இந்த ஒரு விதியை நம்பித்தான் இருந்தது.

அப்போது நாங்கள் பெஹாலாவில், டிராம் டிப்போவுக்கு உள்ளே தள்ளி, ஒரு தெருவில் முதல் மாடியில் குடியிருந்தோம். நான் கிடர்பூர்த் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கப்பல் காகிதங்களைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி பள்ளியில் பூகோள ஆசிரியை. ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஹூக்ளி ஆற்றின் வண்டல் எங்கே சேர்கிறது, ஏன் இடம் மாறுகிறது என்று ஆராயப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தாள். எங்கள் அலுவலகத்தில் அந்த வண்டலைத் திட்டித்தான் எல்லாரும் சம்பளம் வாங்கினோம். அதை ஒருவர் ஆசையாகப் படிப்பார் என்று நான் நினைத்ததில்லை.

பதிவுக் காலம் ஒருமுறை நீட்டிக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் முறை நீட்டிக்க விதியில் இடம் இல்லை; நானே விதியைப் படித்துப் பார்த்துச் சொன்னேன். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் காளி பூஜை முடிந்ததும் கனடாவில் மகனோடு இருக்கப் போகிறார். முதல் நான்கு அத்தியாயங்களையும் அவர் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். ஐந்தாவது, அதாவது முடிவுரை, விஜயதசமி கழிந்து ஐந்தாம் நாள் வரும் லட்சுமி பூஜைக்கு மறுநாள் அவர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புது வழிகாட்டி, புதுப் பதிவு, எல்லாம் முதலிலிருந்து. அவளுக்கு அதற்கான வயதும் இல்லை, பொறுமையும் இல்லை. இதை இரண்டு முறை சொன்னாள். பொதுவாக அவள் எதையும் ஒருமுறைதான் சொல்வாள்.

மணிக்கட்டு வலி காரணமாக ஐந்தாம் அத்தியாயத்தைக் காகிதத்தில் எழுதாமல் நேரே கணினியில் எழுதினாள். கல்கத்தாவின் சாந்தினி சௌக்கில் ஒரு கடையில் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்த கணினி அது. பிரிண்டர் இல்லை. டிப்போ அருகில் அச்செடுத்துக் கொடுக்கும் கடை சஷ்டிக்கே மூடிவிட்டது. லட்சுமி பூஜைக்கு முன் திறக்காது. பூஜை நாட்களில் கல்கத்தாவில் செருப்புத் தைக்கக்கூட ஆள் கிடைக்காது.

சப்தமி அன்று அத்தியாயம் முடிந்தது. அலுவலக வழக்கப்படி மூன்று பிளாப்பிகளில் பிரதி எடுக்கச் சொன்னேன். அசல், இரண்டாம் பிரதி, மூன்றாம் பிரதி. மூன்றின் மேலும் சீட்டு ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"மூணையும் ஒரே பெட்டியில வச்சுப் பூட்டுறதுக்கு எதுக்கு மூணு?" என்றாள்.

"ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கும்."

"பெட்டி கெட்டா?"

பெட்டி கெடாது என்றேன். அது உண்மைதான், பெட்டிக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

அஷ்டமி மாலை தெருமுனைப் பந்தலில் விளக்கு அலங்காரம் ஏற்றினார்கள். சந்தன்நகரிலிருந்து வந்த விளக்குகள். ஒரு ரயில் மலைக்குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வருவதுபோல் அமைத்திருந்தார்கள். ரயில் குகைக்குள் போனால் எங்கள் வீட்டு விளக்கு பிரகாசமாக எரியும். வெளியே வந்தால் மங்கும். மனைவி அத்தியாயத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று அப்போதுதான் கணினியைப் போட்டிருந்தாள்.

"ஏங்க, திரை சுருங்கிச் சுருங்கி விரியுது."

"ரயில் வந்திருக்கும். அணைச்சிடு. முறையா அணை."

முறையாக அணைப்பதற்குள் மின்சாரம் போய், வந்து, மறுபடி போய், பெரிய வேகத்தோடு வந்தது. மேசைக்கு அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், உள்ளே ஹார்டு டிஸ்கையே காணவில்லை என்று கணினி அறிவித்தது. ஸ்டெபிலைசர் மட்டும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போல் இருந்தது. வீட்டுக் கணினி வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் இன்னொரு யோசனை: ஸ்டெபிலைசர் வேறு, யு.பி.எஸ். வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்று என்பார்.

மனைவி பதறவில்லை. "மூணு பிரதி இருக்கில்ல," என்றாள். எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது.

மறுநாள் நவமி. வங்காளிகளுக்கு அன்று ஆட்டுக்கறி. நமக்கு ஆயுத பூஜை. அவள் காலையிலேயே எழுந்து கத்தரிக்கோல், அரிவாள்மணை, பிரஷர் குக்கர், பள்ளிக்கூடத்து உலக உருண்டை, என் பேனா என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றுக்கும் கிடைத்தது.

"செத்த கம்ப்யூட்டருக்கு எதுக்குப் பொட்டு?"

"நல்லா இருக்கறதுக்கு வைக்கலாம், படுத்துட்டதுக்கு வைக்கக் கூடாதா? அதுக்குத்தான் முதல்ல வைக்கணும்."

அலமாரிச் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். புத்தகங்களும் மற்றவையும் தட்டில் அடுக்கி, பூப் போட்டு, பட்டுத்துணி சாத்தியாகிவிட்டது. அன்று முழுவதும் எதையும் தொடக் கூடாது. மறுநாள் மறுபூஜை ஆனபிறகுதான் எடுக்க வேண்டும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வருடத்தில் ஒருநாள் எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்பது, அலுவலகத்தில் தினசரி நடைமுறையாக இருந்த ஒன்று.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்து, பொரிகடலை தின்றுவிட்டு, பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனோம். கீழ்வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி. அவன் மருந்துக் கம்பெனி விற்பனையாளன், நாற்பது வயது இருக்கும். என்னை மேஷோமொஷாய் என்பான், மனைவியை மாஷிமா என்பான். சித்தப்பா, சித்தி மாதிரி. என்னைவிட இருபது வயது இளையவனைத் தெரு முழுவதும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பந்தலின் விளக்குக் குழுவுக்கு அவன்தான் பொறுப்பு. குகை ரயில் அவன் யோசனை. எங்கள் பேச்செல்லாம் வங்காள மொழியில்தான்; இங்கே தமிழில் தருகிறேன்.

"போடுங்க மாஷிமா, ஒரு நிமிஷத்துல என் மெஷின்ல ஏத்திடலாம். அச்சடிக்க என் ஆபீஸ் பிரிண்டர் இருக்கு," என்றான்.

அசலைப் போட்டான். டிரைவ் ஒருமுறை முனகியது. பிறகு தேங்காய் துருவுகிற சத்தம். திரையில், படிக்க முடியவில்லை என்று வந்தது.

"பழைய பிளாப்பி, மேஷோமொஷாய்."

"போன வாரம் வாங்கினது."

"அப்போ அடுத்தத பார்ப்போம்."

நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் இரண்டாம் பிரதி உள்ளே போய்விட்டது. மறுபடியும் தேங்காய். மூன்றாவதை எடுத்து டிரைவின் வாயருகே கொண்டுபோனவனின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற கவலை இருந்தது.

"இத போடாதீங்க."

"போட்டாத்தானே நல்லா இருக்கான்னு தெரியும்?"

"போட்டா, தெரிஞ்சுக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது."

கெட்ட பிளாப்பி டிரைவுக்குள் இருக்கும் சிறு தலையில் அழுக்கைப் பூசும். அழுக்குத் தலை அடுத்த பிளாப்பியைக் கீறும். இது அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்தது. அசல் டிரைவைக் கெடுத்தது, டிரைவ் இரண்டாம் பிரதியைக் கெடுத்தது. ஆனால் அசலைக் கெடுத்தது எது?

மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தேன். பிளாப்பியின் முதுகில் நடுவே வட்டமாக ஒரு உலோகத் தகடு உண்டு. டிரைவ் அதைப் பிடித்துத்தான் உள்ளிருக்கும் வட்டைச் சுழற்றும். அந்தத் தகட்டைச் சுற்றி மயிரிழை இடைவெளி. இடைவெளி முழுக்க வெளிர்மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். மைசூர்ச் சந்தனம், நல்ல ரகம்.

தமிழில் மனைவியிடம் கேட்டேன். "இதுக்குப் பொட்டு வச்சியா?"

"எல்லாத்துக்கும்தான் வச்சேன். நடுவுல நெத்தி மாதிரி வட்டமா இடம் விட்டிருந்துது. கீழ கொண்டுவரோமேன்னு முந்தானையால தொடச்சுட்டுத்தான் வந்தேன்."

"மூணுக்குமா?"

"ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விடுவாங்களா? மூணும் சமம்னு நீங்கதானே சொன்னீங்க."

ஈரச் சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, ஒரு பகலும் இரவும் பட்டுத்துணிக்கு அடியில் நிதானமாகக் காய்ந்திருக்கிறது. மேலே கொஞ்சம் குங்குமப் பொடி. பிளாப்பியைக் கெடுக்கும் காரணங்கள் என்று எத்தனையோ சொல்வார்கள்: காந்தம், வெயில், தேநீர். பக்தியை யாரும் சொன்னதில்லை.

விஷயத்தை விளக்கியதும் தாதா சிரிக்க ஆரம்பித்தான். "மாஷிமா, சரஸ்வதியை வெளியே கும்பிடணும். நீங்க உள்ளேயே அனுப்பிட்டீங்க."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "சார் கனடா போயிடுவாருங்க," என்று மட்டும் சொன்னாள். தாதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

எங்கள் அலுவலகத்தில் தரைத்தளம் மழைக்கு மழை மூழ்கும். ஒரு வருடம் கணினி அறையும் மூழ்கி, ஹூக்ளித் தண்ணீர் பிளாப்பிகளுக்குள் புகுந்துவிட்டது. அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளினார்கள். நான் படித்துவிட்டுத் தள்ளினேன். படித்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன், வந்தது.

செய்முறை கடினமில்லை. பிளாப்பியின் உயிர் உள்ளே இருக்கும் மெல்லிய வட்டுதான். மேலே இருப்பது வெறும் சட்டை. சட்டையின் மூலையில் மெல்லிய கத்தியை நுழைத்துப் பிளக்க வேண்டும். வட்டை உலோகத் தகட்டில் மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். கரும்பரப்பில் விரல் படக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு அலசி, சுத்தத் தண்ணீரில் இன்னொருமுறை அலசி, நூல் பிரியாத மெல்லிய துணியில் உலர்த்த வேண்டும். பிறகு சந்தனம் படாத வேறொரு சட்டைக்குள் போட வேண்டும்.

இன்வெர்ட்டருக்கு ஊற்ற வைத்திருந்த காய்ச்சி வடித்த தண்ணீரைத் தாதா கொடுத்தான்; அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு ஏறினோம். என் பழைய மல் வேட்டி இருந்தது. சட்டைக்குத்தான் ஒரு நல்ல பிளாப்பி வேண்டும். கடை கிடையாது. வீட்டில் ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. வீட்டுக் கணினி வைத்திருப்போருக்கு ஒரு நடைமுறைக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். பிரிவு, உட்பிரிவு எல்லாம் போட்டு.

"அதை எடுங்க," என்றாள்.

"அதுல கையேடு இருக்கு."

"வேற பிரதி இருக்குமே."

"கம்ப்யூட்டர்ல இருந்துது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ இது ஒண்ணுதானா? ஒரே பிரதியா?"

கத்தியை எடுத்துப் பிளந்தேன். மூடியின் ஸ்பிரிங் எகிறி எங்கோ போயிற்று. என் கையேடு கறுப்பு அப்பளம் போல் மேசைமேல் கிடந்தது. பிறகு மூன்றாம் பிரதியைப் பிளந்து, அவள் அத்தியாயத்தை அலசினேன். சந்தனம் இலகுவாகக் கரைந்தது. குங்குமம்தான் தகட்டின் ஓரத்தில் பிடிவாதமாக நின்றது. கண் மருந்துச் சொட்டுக் குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இறக்கினேன். ஃபேனை நிறுத்திவிட்டு வேட்டியின்மேல் உலர வைத்தேன்.

அப்போது படியில் சிரிப்புச் சத்தம். அம்பாளை வழியனுப்பும் முன் சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் சிந்தூரம் பூசி விளையாடும் நேரம் அது. தாதாவின் மனைவி, நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம், நெற்றி முதல் காதுவரை சிவப்பாக, தட்டு நிறையச் சிந்தூரத்தோடு எங்கள் வாசலில் நின்றாள். கையை அசைத்தால் புகைபோல் பொடி பறந்தது.

"மாஷிமா எங்கே? அவங்களுக்குப் பூச வேண்டாமா?"

நான் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். "உள்ளே வராதீங்க."

"ஏன் மேஷோமொஷாய், வீட்ல யாருக்காவது அம்மையா?"

"ஆமாம்னே வச்சுக்குங்க."

மனைவி படிக்கட்டுக்கே வந்து பூசிக்கொண்டாள். பூசியபின் அவளையும் நான் உள்ளே விடவில்லை. முகம் கழுவி, சேலை மாற்றி, தலையை உதறிவிட்டு வரச் சொன்னேன். "ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கற டாக்டர்கூட இவ்வளவு பண்ணமாட்டார்," என்றாள். ஆனால் செய்தாள்.

தாதாவின் டிரைவில் இனி எதையும் போட முடியாது. எங்கள் செத்த கணினியில் டிரைவ் மட்டும் சுத்தமாக இருந்தது. நான்கு திருகுகளைக் கழற்றி அதைக் கீழே கொண்டுபோய் அவன் கணினியில் மாட்டினோம். மாட்டியதும் டிரைவின் சிறு விளக்கு எரிந்தது; எரிந்தது, அணையவே இல்லை. தாதா முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் இல்லை, பட்டைக் கம்பியைத் தலைகீழாகச் செருகினால் அப்படித்தான் எரியும். அணைத்து, திருப்பிச் செருகினேன்.

தெருவில் டாக் மேளம் கேட்க ஆரம்பித்தது. அம்பாளை லாரியில் ஏற்றப்போகிறார்கள். விளக்கு வண்டிக்குத் தாதா போக வேண்டும். இரண்டு பேர் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவன், "வரேன், வரேன்," என்று சொல்லிக்கொண்டு நகராமல் நின்றான்.

என் கையேட்டின் சட்டையை மாட்டிய பிளாப்பியை மனைவிதான் போட்டாள். டிரைவ் முனகியது. தேங்காய் இல்லை. பட்டியலில் அத்தியாயத்தின் பெயர் வந்தது. அவள் அதைத் திறக்க மவுஸைக் கொண்டுபோனாள்.

"திறக்காதே. முதல்ல காப்பி பண்ணு."

"இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடறேனே."

"பார்க்கறது அப்புறம். காப்பி."

காப்பி செய்தாள். பாதியில் நின்றது. மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்டது. அவள் என்னைக் கேட்காமல், மறுபடி என்று அழுத்தினாள். நின்றது. மறுபடி அழுத்தினாள். என் அனுபவத்தில் இதற்கு விதி எதுவும் கிடையாது. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நீண்ட முனகலுக்குப் பிறகு அத்தியாயம் முழுவதும் தாதாவின் கணினிக்குள் வந்து சேர்ந்தது.

"ஜெய் மா," என்று சொல்லிவிட்டு, வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, தாதா லாரிக்கு ஓடினான்.

அவள் அத்தியாயத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். நான் திருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"இத யார் எழுதினா?"

"நீதான்."

"வண்டல் வளைவைத் தாண்டி நகருதுன்னு நான் எழுதினேன். இங்க, நகர்வதாகக் கருத இடமுண்டுன்னு இருக்கு. அடுத்த வரியில, ஒருவேளை இருக்கலாம்னு தோன்றுவதாகச் சொல்ல வாய்ப்புண்டு. என்னங்க இது?"

சப்தமி அன்று பிரதி எடுக்கும் முன் நான் ஆங்கிலத்தைச் சற்றுச் சீர்படுத்தியிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டதால்தான்.

"எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன். நாலு வருஷம் அந்த ஆத்தங்கரையில நின்னு அளந்தவ நான். கருத இடமுண்டாமே."

"ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம். நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது."

"கேட்கட்டும். பதில் எனக்குத் தெரியும்."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து என் சொற்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். மணிக்கட்டு வலிக்கும் என்றேன். வலிக்கட்டும் என்றாள். பத்தி முடியும்போதெல்லாம் சேமித்தாள், சொல்லாமலே. வெளியே மேளம் டயமண்ட் ஹார்பர் சாலைப் பக்கம் திரும்பித் தேய்ந்தது.

லட்சுமி பூஜைக்கு மறுநாள் பேராசிரியர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். சூட்கேஸ்கள் பாதி அடுக்கிக் கிடந்தன. அவர் முடிவுரையின் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு நிச்சயமாகவா சொல்கிறீர்கள்?"

"ஆமாம் சார். நிச்சயமாகத்தான்."

அவர் பேனாவைத் தேடினார். சூட்கேஸுக்குள் போய்விட்டது போலிருக்கிறது. நான் என் பேனாவைக் கொடுப்பதற்குள் அவள் கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினாள்.